ஆடல்மா ஏறி வந்த ஆழ்வார்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எந்தத் திவ்யதேசத்தின் ஆழ்வார் சந்நிதியில் நின்று சேவித்தாலும், வரிசையில் திருமங்கையாழ்வார் எவர் என்று பட்டர் சுவாமி காட்டித்தர வேண்டியதில்லை. மற்றை ஆழ்வார்கள் கூப்பிய கையினராகவோ உபதேச முத்திரையினராகவோ எழுந்தருளியிருப்பர். சேரநாட்டை ஆண்ட குலசேகரப் பெருமாளும் அவ்வாறே. முடியணிந்த மன்னராயினும் அவருடைய திருக்கைகளில் படைக்கலம் இல்லை. ஆயுதத்தோடு நிற்பவர் ஒருவரே. சில இடங்களில் வலக்கையில் வாளும் இடக்கையில் கேடயமும். திருநகரியிலோ தோளில் சார்த்திய வேலும் அதனோடு குவிந்த கைகளும். உற்சவ நாள்களில் அவருக்குக் குதிரையும் உண்டு.

எம்பெருமானிடம் தம்மைத் தந்துவிட்ட ஒருவருக்கு வாள் எதற்கு, குதிரை எதற்கு என்ற வினா நமக்கு நெடுநாளாகவே இருந்துவந்தது. சிற்பிகள் தம் விருப்பப்படி சேர்த்த அலங்காரமாக அதைக் கொள்ள இயலாது. ஆழ்வாருடைய சரிதத்தைக் குருபரம்பரை சொல்லும் வரிசையிலேயே படித்துவந்தால், அந்த வாள் அவர் கையை விட்டு இறங்க ஓரிடத்திலும் வாய்ப்பில்லாமற் போனது புலப்படும்.

திருவாலி திருநகரிக்கு அருகிலுள்ள திருக்குறையலூரில், நள வருஷம் கார்த்திகை மாதம் கிருத்திகை நக்ஷத்திரத்தில், எம்பெருமானுடைய சார்ங்கம் என்னும் வில்லின் அம்சமாக அவதரித்தார் என்பர் பெரியோர். வில்லின் அம்சம் வாளேந்தியது ஒரு சுவை. தந்தையார் ஆலிநாடர், தாயார் வல்லித்திரு. இட்ட பெயர் நீலன். தந்தையாரைப் போலவே சோழ மன்னனிடம் படைத்தொழில் பூண்டு, பகைவருக்குக் காலனாக விளங்கியதால் பரகாலன் என்ற பெயரும் பெற்றார். மன்னன் மகிழ்ந்து ஆலிநாட்டை அவருக்குத் தந்தான். திருமங்கை என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டமையால் திருமங்கை மன்னன் ஆனார்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். காஞ்சிபுரத்துப் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடிய பதிகத்தில் பல்லவ மன்னனின் போர் வெற்றிகளை ஆழ்வார் அடுக்கிச் செல்கிறார். அம்மன்னன் இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன் என்று கொண்டு, ஆழ்வாரை 8-ஆம் நூற்றாண்டில் வைப்பர் வரலாற்று ஆய்வாளர். சோழர் பேரரசராக எழுந்தது 9-ஆம் நூற்றாண்டில் விஜயாலயனுக்குப் பிறகுதான். ஆகவே நம் சரிதத்தில் வரும் சோழனைத் தஞ்சைப் பெரியகோயில் கட்டியவனைப் போன்ற சக்கரவர்த்தியாக எண்ண வேண்டா. காவிரி நாட்டில் ஒரு பகுதியை ஆண்ட அரசனாகக் கொண்டால் கதையின் அளவு சரியாக விளங்கும்.

ஆலிநாட்டு மன்னருடைய குதிரைக்கு ஆடல்மா என்று பெயர். ஆழ்வார்களின் சரிதங்களில் இவ்வாறு பெயர் சொல்லி நினைக்கப்படும் குதிரை வேறொன்று நம் நினைவுக்கு வரவில்லை. அவரோடு நான்கு துணைவரும் இருந்தனர். நீரின்மேல் நடக்க வல்லவன் நீர்மேல் நடப்பான். பிறர் நிழலில் கலந்து மறைய வல்லவன் நிழலில் ஒதுங்குவான். பூட்டை ஊதியே திறப்பவன் தாளூதுவான். வாதில் எவருக்கும் தோற்காதவன் தோலாவழக்கன். அரசியல் நடத்துவதற்கு முதல் மூவர் எதற்கென்று அப்போது எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பின்னாளில்தான் அவர்களுக்கு வேலை வந்தது.

திருவெள்ளக்குளத்துப் பொய்கையில் குமுத மலர் கொய்ய வந்த தேவமாது ஒருத்தி அங்கேயே தங்கிவிட, ஸ்ரீவைஷ்ணவ வைத்தியர் ஒருவர் அவளைக் குழந்தையாகக் கண்டெடுத்துக் குமுதவல்லி என்று பெயரிட்டு வளர்த்தார். அவளுடைய அழகைக் கேள்வியுற்று ஆலிநாடர் பெண் கேட்டு வந்தார். பெற்றவரைப் போல் வளர்த்தவர் தயங்க, பதில் சொன்னவள் குமுதவல்லியே. திருவிலச்சினையும் பன்னிரு திருமண்காப்பும் தரித்த ஸ்ரீவைஷ்ணவருக்கே வாழ்க்கைப்படுவேன் என்பது முதல் நிபந்தனை. ஆலிநாடர் திருநறையூர் சென்று நம்பியின் திருமுன்னே நின்று வேண்ட, நம்பியே ஆசார்யனாக இருந்து சங்க சக்கர இலச்சினை அருளினான். ஓராண்டுக் காலம் நாள்தோறும் ஆயிரத்தெட்டு ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்விக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. அதற்கும் இசைந்து மணம் முடித்தார். இந்த அம்மையாரைத் திருநகரியில் ஆழ்வாருடன் இன்றும் சேவிக்கிறோம். அவர் போட்ட இரண்டு நிபந்தனைகள் இல்லாவிடில் நமக்கு ஓர் ஆழ்வார் இல்லை.

ஆயிரத்தெட்டுப் பேருக்கு ஒரு நாள் தளிகை என்றால் எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எத்தனை கறியமுது என்பதை உற்சவத்தில் ததீயாராதனம் நடத்தியவர்கள் அறிவர். அதை ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும். கைப்பொருள் கரைந்தது. நாட்டின் வருவாய் கரைந்தது. அடுத்து, சோழனுக்குச் செலுத்த வேண்டிய கப்பப் பணமும் அடுப்படிக்கே போயிற்று. அரசனின் ஆள்கள் வந்து கேட்டபோது நாளை என்றார், பிறகு என்றார், இறுதியில் அவர்களைத் துரத்தியும் விட்டார். அரசன் படையை அனுப்பினான். ஆடல்மா மீதேறி வாளை உருவிக்கொண்டு எதிர்த்த மங்கைவேந்தருக்கு முன் அப்படை நிற்கவில்லை. அரசனே வந்தும் முறியடிக்கப்பட்டான். அவன் அவருடைய வீரத்தைப் புகழ்ந்து, போரிட்ட குற்றத்தைப் பொறுத்தேன், ஆனால் கப்பத்தைச் செலுத்தத்தான் வேண்டும் என்று கூறி, அதுவரை தன் அமைச்சனின் காவலில் அவரை வைத்தான்.

இவ்விடத்தை உபந்யாசங்களில் விரைந்து கடந்துவிடுகிறார்கள். வங்கியில் கடன் கணக்குகளைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்த நமக்கு அப்படிக் கடக்க முடிவதில்லை. ஒரு காரியத்துக்கென்று வந்த பணத்தை வேறொரு காரியத்துக்குத் திருப்பியவர்கள் பலரைக் கண்டிருக்கிறோம். அவர்களில் நல்ல காரியத்துக்குத் திருப்பியவர்களும் உண்டு. மகளின் திருமணம், தாயாரின் மருத்துவம், சில சமயம் கோயில் திருப்பணி. செலவிட்ட நோக்கம் நல்லது என்பதால் பற்று வரவாக மாறிவிடுவதில்லை. அரசனுடைய பணத்தில் அடியார்க்கு அமுது செய்வித்தால் அது யாருடைய கைங்கர்யம் என்பது நியாயமான கேள்வி. நம் பூர்வர்கள் அக்கேள்வியை மறைத்துவிட்டு மேலே செல்லவில்லை என்பதுதான் நமக்குப் பெரிதும் ஆறுதலாக இருக்கிறது.

காவலில் இருந்த ஆழ்வார் மூன்று நாள் உணவின்றிக் கிடந்தார். காஞ்சிப் பேரருளாளன் கனவில் தோன்றி, தன்னிடம் வந்தால் வேண்டிய பொருள் தருவதாக அருளினான். அமைச்சனின் காவலோடே காஞ்சிக்குச் சென்று, வேகவதி ஆற்றங்கரையில் பெருமாள் காட்டிய இடத்தில் தோண்ட, புதையல் கிடைத்தது. அதிலிருந்து அரசனுக்குச் சேர வேண்டிய கப்பத்தை முழுவதும் கட்டித் தீர்த்து, எஞ்சியதைத் ததீயாராதனத்துக்கு வைத்துக்கொண்டார். சோழனின் மனத்தை மாற்றிக் கப்பத்தைத் தள்ளுபடி செய்விப்பது வரதனுக்கு அரிதன்று. அவன் அவ்வாறு செய்யாமல், தன் அடியான் வாங்கிய கடனைத் தன் பொருளால் அடைத்தான். நடந்ததை அறிந்த சோழன் அஞ்சி, அப்பொருளை வைத்துக்கொள்ள மனமின்றி அடியார்களின் அமுதுக்கே திருப்பித் தந்தான் என்று கதை முடிகிறது.

அந்தப் பொருளும் ஒருநாள் தீர்ந்தது. அரசனின் பணத்தை இனித் தொட முடியாது. அப்போதுதான் நான்கு துணைவரின் திறமைகளுக்கு வேலை வந்தது. ஆலிநாடர் வழிப்பறியில் இறங்கினார். தமக்கென்று ஒரு காசும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அடியார்க்கு அமுதாக்கினார் என்பது மெய். இழந்த வழிப்போக்கர்களுக்கு அதனால் வலி குறைந்திருக்காது என்பதும் மெய். இந்த இரண்டையும் சேர்த்தே எண்ணினால்தான் அடுத்து நடந்தது விளங்கும்.

திருவாலிக்கும் திருநகரிக்கும் இடையே திருமணங்கொல்லை என்னும் இடம். வயலாளி மணவாளன் பிராட்டியை மணம் முடித்து, திருவாபரணங்கள் ஒளிர, பரிவாரத்தோடு இரவில் அவ்வழியே வந்தான். வழிப்போக்கரைப் பறிப்பவனுக்கு முன் தானே வழிப்போக்கனாக வந்து, பறிகொடுப்பவர் வரிசையில் தன்னையும் நிறுத்திக்கொண்டான் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு நெஞ்சு நெகிழ்கிறது. ஆடல்மாவில் வந்து வளைத்த ஆலிநாடர், தம்பதிகள் அணிந்திருந்த அனைத்தையும் கவர்ந்தார். மணவாளன் திருவடி விரலில் இருந்த மோதிரம் ஒன்று கழற்ற வரவில்லை. குனிந்து தம் பல்லால் கடித்து வாங்கினார். அந்த மிடுக்கைக் கண்டு எம்பெருமான் கலியன் என்று பெயரிட்டான். திருவடியை வணங்கக் குனிந்தவரல்லர் அவர். ஆயினும் அவருடைய வாயும் முகமும் திருவடியில் பட்டுவிட்டன.

நகைகளை மூட்டையாகக் கட்டினார், தூக்க இயலவில்லை. நாட்டையே தோளில் தாங்கிய வீரரால் ஒரு மூட்டையை அசைக்க முடியவில்லை. நீ ஏதோ மந்திரம் செய்திருக்கிறாய், அதைச் சொல் என்று வாளை ஓங்கி மிரட்டினார். அரசமரத்தடியில் எம்பெருமான் அவருடைய செவியில் திருவெட்டெழுத்தை ஓதினான்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இந்த இடத்தில் இருக்கிறது. மந்திரோபதேசத்துக்குச் சீடன் எவ்வாறு வர வேண்டும் என்பதைச் சாத்திரங்கள் விரிவாகச் சொல்கின்றன: நீராடி, பணிந்து, ஓராண்டு பணிவிடை செய்து, கைகட்டி நின்று கேட்க வேண்டும். இங்கே சீடன் உருவிய வாளோடு நிற்கிறான். ஆசார்யன் வாளைக் கீழே போடு என்று சொல்லவில்லை. முதலில் திருந்தி வா, பிறகு தருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே அருளினான். நிர்ஹேதுக கிருபை என்று நம் ஆசார்யர்கள் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான இடம் நாம் அறியோம். வாளேந்திய ஆழ்வாரைச் செப்பில் வார்த்த சிற்பிகள் அந்தக் கணத்தை வார்த்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மந்திரம் செவியில் பட்டதும் கலியன் பாடத் தொடங்கினார். பெரிய திருமொழியின் முதற்பதிகம் திருநாமத்தின் பெருமையைச் சொல்வது. அடுத்த பதிகமே இமயத்துத் திருப்பிரிதி. பிறகு பதரி, சாளக்கிராமம், நைமிசாரணியம், சிங்கவேள்குன்றம், திருவேங்கடம் என்று வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வருகிறார். குதிரையை விட்டிருந்தால் இப்பயணம் ஏது? கொள்ளைக்கு ஓடிய ஆடல்மா திவ்யதேசங்களுக்கு ஓடிற்று. எண்பதுக்கும் மேற்பட்ட திவ்யதேசங்களை அவர் மங்களாசாசனம் செய்திருக்கிறார். பிற ஆழ்வார் எவரும் இத்தனை தலங்களைப் பாடியதில்லை. பெரிய திருமொழி மட்டும் 1084 பாசுரங்கள். திருக்குறுந்தாண்டகம் 20, திருநெடுந்தாண்டகம் 30. இவற்றோடு திருவெழுகூற்றிருக்கை, சிறிய திருமடல், பெரிய திருமடல். நம்மாழ்வாரின் நான்கு பிரபந்தங்களை நான்கு வேதங்களாகவும் கலியனின் இந்த ஆறினை அவற்றின் ஆறு அங்கங்களாகவும் கொள்வது நம் மரபு. ஆறுக்கும் பெரியவாச்சான்பிள்ளையின் வியாக்கியானம் உண்டு.

தம் ஊருக்கு அருகிலுள்ள திருநாங்கூர்ப் பதினொரு தலங்களையும் அவர் பாடினார். தை அமாவாசையை ஒட்டி நடக்கும் உற்சவத்தில் ஆழ்வார் குமுதவல்லியாரோடு அத்தலங்களுக்கெல்லாம் எழுந்தருள்வதும், மறுநாள் இரவு மணிமாடக்கோயிலில் பதினொரு பெருமாள்களும் கருட சேவை சாதிப்பதும் சேவித்தவர்களுக்கு மறக்காது. ஆழ்வார் எழுந்தருளும் வழியில் மிதிபடும் நெற்பயிர் அந்த ஆண்டு கூடுதலாக விளையும் என்பது அங்குள்ள உழவர்களின் நம்பிக்கை.

திருவரங்கத்தில் அவர் மதில் எடுப்பித்தார். ஆலிநாடன் திருவீதி இன்றும் அப்பெயரைச் சொல்கிறது. அத்திருப்பணிக்குப் பொருள் தேடி, நாகப்பட்டினத்துப் பொன்னாலான புத்தர் உருவை எடுத்துவந்து உருக்கியதாகவும் சரிதம் கூறும். இதை இக்காலத்தில் எழுதுவோர் சிலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டும் நமக்கு உவப்பில்லை. முன்னோர் ஒளிக்காமல் எழுதிவைத்ததை நாம் ஒளிக்க வேண்டா. பிறர் வழிபட்ட ஓர் உருவம் அழிந்ததில் நாம் மகிழவும் வேண்டா.

அவருடைய மற்றொரு கைங்கர்யத்தில் அத்தகைய நெருடல் ஏதுமில்லை. திருக்கார்த்திகை நாளில் திருநெடுந்தாண்டகத்தைப் பெரியபெருமாள் திருமுன் பாடி, அவன் உகந்து வரம் தர முன்வந்தபோது, தமக்கென்று எதையும் கேளாமல், நம்மாழ்வாருடைய திருவாய்மொழியை அவன் திருச்செவி சாற்றியருள வேண்டும் என்று கேட்டார். அதற்காக ஆழ்வார் திருநகரியிலிருந்து நம்மாழ்வாரைத் திருவரங்கத்துக்கு எழுந்தருளப்பண்ணினார். இன்று நாம் அத்யயன உற்சவம் என்று அனுபவிப்பதற்கு அதுவே வித்து. ஆயிரத்துக்கும் மேல் தாமே பாடியவர், கிடைத்த வரத்தில் வேறொருவர் பாட்டுக்கு இடம் கேட்டார். இறுதியில் திருக்குறுங்குடி சென்று நம்பியின் திருவடியில் பரமபதம் அடைந்தார். அவருடைய திருவரசு அங்கே இருக்கிறது.

இனி அவருடைய செப்புத் திருமேனிகளைப் பற்றி. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்த்து, ஆறியபின் மண்ணை உடைத்து எடுப்பது நம் ஸ்தபதிகளின் முறை. அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப் போல் இன்னொன்று பிறப்பதில்லை. திருநகரியில் வேல் அணைத்த தோளோடும் கூப்பிய கைகளோடும் எழுந்தருளியிருக்கும் ஆழ்வாரைச் சேவித்த மணவாள மாமுனிகள், அவ்வடிவழகில் ஈடுபட்டுத் திருமேனியின் ஒவ்வோர் அழகையும் தமிழில் பாடியருளினார். பங்குனி உத்திர உற்சவத்தின் நள்ளிரவில், திருமணங்கொல்லையில், தீவட்டிகளின் வெளிச்சத்தில் ஆழ்வார் ஆடல்மா மேல் விரைந்து வந்து பெருமாளை மறிக்கும் வேடுபறியைச் சேவிக்கும்போது, அந்தத் திருமேனி வார்ப்பு என்ற நினைவே நமக்கு இருப்பதில்லை.

அவ்வாறு மறிக்கச் செல்ல முடியாமற் போன திருமேனி ஒன்று உண்டு. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுந்தரப்பெருமாள்கோயில் என்னும் ஊரில், சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில், வாளும் கேடயமும் ஏந்திய கலியனின் செப்புத் திருமேனி எழுந்தருளியிருந்தது. 16-ஆம் நூற்றாண்டினது என்பர். 1957-இல் அக்கோயிலில் எடுக்கப்பட்ட புகைப்படம் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் இருக்கிறது. பத்தே ஆண்டுகளில், 1967-இல், இலண்டனில் சோதபி ஏல நிறுவனத்திடமிருந்து அதே திருமேனியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. தனி ஆய்வாளர் ஒருவர் அந்தப் பழைய புகைப்படத்தை எடுத்துக்காட்டிய பிறகு, அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குச் செய்தி தெரிவித்தது. இந்திய அரசு முறைப்படி கோர, 2024-இல் பல்கலைக்கழகம் திருப்பித்தர இசைந்தது.

கள்வராக இருந்து ஆழ்வார் ஆனவரைக் கள்வர் கொண்டுபோயினர் என்று இதைக் கேட்டவர் பலரும் வேடிக்கையாகச் சொல்கின்றனர். நமக்கோ வேடிக்கையாகத் தோன்றவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அத்திருமேனிக்குத் திருமஞ்சனம் இல்லை, திருமண்காப்பு இல்லை, கார்த்திகையில் கிருத்திகையன்று சாற்றுமுறை இல்லை. கண்ணாடிக்குப் பின்னே விளக்கொளியில் நிற்பதை எழுந்தருளியிருப்பது என்று சொல்ல நா எழவில்லை. நாகப்பட்டினத்துக் கதையும் அப்போது நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

நம் கவலை வேறொன்றைப் பற்றியது. அயலகத்திலிருந்து மீண்டுவந்த திருமேனிகள் பல, பாதுகாப்புக் கருதி, தத்தம் கோயில்களுக்குச் செல்லாமல் சிலைப் பாதுகாப்பு மையங்களில் பூட்டப்பட்டிருக்கின்றன. களவுக்கு அஞ்சிப் பூட்டுவதன் நியாயம் நமக்குப் புரிகிறது; பெட்டக அறையின் சாவியைப் பல்லாண்டு கையில் வைத்திருந்தவர்கள்தாமே நாம். ஆனால் பெட்டகத்தில் வைத்த நகை ஒரு திருமணத்துக்காவது வெளியே வரும். சுந்தரப்பெருமாள்கோயில் கலியனுக்கு வேண்டியவை அந்த ஊரில் காவலோடு கூடிய ஒரு சந்நிதி, ஆகமப்படி சம்ப்ரோக்ஷணம், நாள்தோறும் ஒரு வேளையேனும் தளிகை. இம்மூன்றுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, கோயில் நிர்வாகத்தையும் அறநிலையத் துறையையும் அணுகும் பணியில், வெளிநாடுகளில் வாழும் அடியார்களும் உள்ளூர் அடியார்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.